"நண்பனுக்காகக் கேட்கிறேன், டாக்டர்"

இந்த இதழுக்காகப் பிரித்த கடிதங்களில் ஒன்று, "என் நண்பன் ஒருவனுக்காகக் கேட்கிறேன், டாக்டர்" என்று தொடங்கியது. நான்காவது வரியில் "அவனுக்கு" என்ற சொல்லை அடித்துவிட்டு, அதன் மேலேயே "எனக்கு" என்று எழுதியிருந்தார். அடுத்த வரியில் அதையும் அடித்து, மறுபடி "அவனுக்கு" ஆக்கியிருந்தார். பாலியல் நலம் பற்றியும் எச்.ஐ.வி. தடுப்பு பற்றியும் இளைஞர்கள் எனக்கு எழுதும் கடிதங்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. பெயர் இருக்காது, கேள்விக்கு முன்பே மன்னிப்பு கேட்டிருப்பார்கள். அப்படி வந்தவற்றைச் சேர்த்து, இந்த முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன்.

கேள்வி: டாக்டர், என் நண்பனுக்கு வயது 22. நேற்று முன்தினம் இரவு உறவின்போது ஆணுறை கிழிந்துவிட்டது. அந்தப் பெண்ணைப் பற்றி அவனுக்கு அதிகம் தெரியாது. மூன்று மாதம் கழித்துத்தான் பரிசோதனையில் தெரியும் என்று படித்தோம். அதுவரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லையா?

நீங்கள் இதை எழுதிய நாளன்று வழி இருந்தது. கடிதம் என் மேசைக்கு வந்து சேர்ந்தபோது பதினொரு நாட்கள் கடந்திருந்தன. உங்களைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை, தம்பி. அன்றிரவே ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் போய் நின்று, நடந்ததை வாய்விட்டுச் சொல்ல உங்களால் முடியவில்லை. முகம் தெரியாத ஒருவருக்குக் கடிதம் எழுதத்தான் முடிந்தது. அந்தத் தயக்கத்தை வளர்த்ததில் எங்களைப் போன்ற மருத்துவர்களுக்கும் பங்கு உண்டு. ஆகவே முதலில் இதைப் படிக்கும் மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு, பிறகு உங்களிடம் வருகிறேன்.

எச்.ஐ.வி. உடலுக்குள் நுழைந்த கணமே ரத்தம் முழுவதும் பரவிவிடுவதில்லை. நுழைந்த இடத்து மென்சவ்வில் உள்ள அணுக்களில் முதலில் இடம் பிடித்து, அங்கிருந்து அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்குச் சென்று, அதன் பிறகே ரத்தத்தில் பெருகத் தொடங்குகிறது. இந்தக் குறுகிய இடைவெளியில், வைரஸ் தன்னைப் பிரதியெடுத்துக்கொள்ளும் வேலையை நிறுத்தும் மருந்துகளைக் கொடுத்தால், அது உடலில் நிலைகொள்ளாமல் தடுத்துவிட முடியும். 'பெப்' என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் சிகிச்சை இதுதான். நடந்ததிலிருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன். முதல் மாத்திரையை முதல் நாளிலேயே விழுங்கிவிடுவது நல்லது. 28 நாட்களும் விடாமல் சாப்பிட வேண்டும். சிலருக்கு முதல் வாரத்தில் குமட்டலும் சோர்வும் இருக்கும், அதற்காகப் பாதியில் நிறுத்திவிடக் கூடாது. ஆணுறை கிழிந்தவர்களுக்கு மட்டுமன்றி, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் இது உரியது. அவர்களுடன் இருப்பவர்கள் இந்த 72 மணி நேரக் கணக்கை மறந்துவிடக் கூடாது.

இனி உங்களுக்கு. ஒரு முறை ஆணுறை கிழிந்ததாலேயே தொற்று வந்துவிட்டது என்று பொருளில்லை. அந்தப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. இருக்க வேண்டும் என்பதில்லை. இருந்தாலும் ஒரே உறவில் பரவியே தீரும் என்பதும் இல்லை. ஆனால் ஊகித்துக்கொண்டு இருப்பதற்கும் தெரிந்துகொள்வதற்கும் வேறுபாடு உண்டு. மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்பது பாதி உண்மைதான். நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை, வைரஸின் புரதத்தையும் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்தே தேடுவதால், தொற்று ஏற்பட்ட 18 முதல் 45 நாட்களுக்குள் அதைக் கண்டுபிடித்துவிடும். எதிர்ப்பொருளை மட்டும் தேடும் விரைவுப் பரிசோதனைகளுக்குத்தான் 90 நாட்கள் வரை ஆகலாம். இப்போதே ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளுங்கள், உங்கள் இன்றைய நிலை என்ன என்பது அதில் தெரியும். ஆறு வாரம் முடிந்ததும் ஒரு முறையும், மூன்று மாதம் முடிந்ததும் ஒரு முறையும் செய்துகொள்ளுங்கள். மேகநோய் (சிபிலிஸ்), வெட்டை (கொனோரியா) போன்ற பிற பால்வினை நோய்களுக்கான பரிசோதனையையும் உடன் கேளுங்கள். அதுவரை ஒவ்வொரு உறவிலும் ஆணுறை வேண்டும், ரத்த தானமும் வேண்டாம். இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரத்துக்குள் காய்ச்சல், தொண்டை வலி, தோலில் தடிப்பு, கழுத்தில் நெறி கட்டுதல் ஆகியவை வந்தால், அது சாதாரண சளிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். ஆயினும் மருத்துவரிடம் போய், நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 20. நானும் அவரும் இரண்டு ஆண்டுகளாக ஒருவரையொருவர் நேசிக்கிறோம். அவர் உடற்பயிற்சி செய்பவர், குடிப்பழக்கம் இல்லாதவர், நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவர். பரிசோதனை, ஆணுறை என்று நான் பேச்செடுத்தால் "என்மேல் நம்பிக்கையில்லையா?" என்கிறார். இதற்கு மேல் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இளம் பெண்களிடமிருந்து எனக்கு வரும் கடிதங்களில் மிக அதிகமாக வரும் கேள்வி இது. இதற்குள் இரண்டு தவறான நம்பிக்கைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

முதலாவது, உடம்பைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பது. சிகிச்சை எடுத்துக்கொள்ளாத ஒருவருக்குக்கூட, தொற்று ஏற்பட்ட பிறகு பல ஆண்டுகள், சராசரியாக எட்டிலிருந்து பத்து ஆண்டுகள் வரை, வெளியில் தெரியும்படி எந்த நோயும் இல்லாமல் இருக்கலாம். அந்தக் காலம் முழுவதும் அவர் உடற்பயிற்சி செய்வார், தேர்வு எழுதுவார், வேலைக்குப் போவார். தனக்குத் தொற்று இருப்பது அவருக்கே தெரியாது.

இரண்டாவது, இது 'அந்த மாதிரி' ஆட்களுக்கு வருவது, 'நல்ல குடும்பத்து' ஆட்களுக்கு வராது என்பது. இந்த எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1981 ஜூன் மாதம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு அரிதான ஒரு நுரையீரல் தொற்று வந்ததாக, பின்னாளில் எய்ட்ஸ் என்று பெயர் பெற்ற நோயைப் பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு வெளியானபோது, அவர்கள் ஐவரும் தன்பாலீர்ப்பு உள்ளவர்களாக இருந்தார்கள். நோயின் காரணம் தெரிவதற்கு முன்பே அதற்கொரு முத்திரை குத்தப்பட்டது. 1983இல் பாரிஸில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே சினூசி, லூக் மோந்தானியே ஆகியோரின் குழு வைரஸைப் பிரித்தெடுத்தது. 2008இல் அவர்கள் இருவருக்கும் அதற்காக நோபல் பரிசும் கிடைத்தது. இவ்வளவுக்குப் பிறகும் அந்த முத்திரை அழியவில்லை. முத்திரை குத்தப்பட்டவர்களை அது எவ்வளவு காயப்படுத்தியதோ, 'நாம் அந்த வகை இல்லை' என்று நிம்மதியாக இருந்துவிட்டவர்களையும் அந்த அளவுக்கே ஆபத்தில் விட்டது.

அவரிடம் எப்படிப் பேசுவது என்று கேட்கிறீர்கள். "நீ போய்ப் பரிசோதனை செய்துகொண்டு வா" என்று சொன்னால் அது விசாரணையாகத்தான் அவர் காதில் விழும். "நாம் இருவரும் சேர்ந்து போய்ச் செய்துகொள்வோம், முதலில் நான் கை நீட்டுகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அமைதியாக இருக்கும் ஒரு பகல் பொழுதில், உடலால் நெருங்கியிருக்காத நேரத்தில் சொல்லுங்கள். நெருக்கமான நேரத்தில் தொடங்கும் இந்தப் பேச்சு பெரும்பாலும் தோற்றுத்தான் போகிறது. இத்தனைக்குப் பிறகும் அவர் ஆணுறை வேண்டாம், பரிசோதனையும் வேண்டாம் என்று அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டால், உறவைத் தள்ளிப்போட உங்களுக்கு முழு உரிமை உண்டு. உங்கள் உடல்நலத்தைப் பற்றி நீங்கள் பேசுவதையே அவமானமாக எடுத்துக்கொள்பவரைக் குறித்து நீங்கள் சற்று யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு இதே வயதில் மகள் இருந்தாலும் இதையே சொல்வேன்.

இன்னும் ஒன்று. கிளமிடியா போன்ற சில பால்வினைத் தொற்றுகள் பெண்களுக்கு எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்து, பின்னாளில் கருக்குழாயைப் பாதிக்கக்கூடும். பரிசோதனைக்குப் போகும்போது அதையும் கேளுங்கள். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் பேசுங்கள்.

கேள்வி: கொசுக்கடியால் எச்.ஐ.வி. வருமா? முத்தம், ஒரே தட்டில் சாப்பிடுவது, நீச்சல் குளம், பொதுக் கழிப்பறை?

வராது. கொசு கடிக்கும்போது தன் உமிழ்நீரைத்தான் உள்ளே விடுகிறது, முன்பு குடித்த ரத்தத்தை விடுவதில்லை. எச்.ஐ.வி. கொசுவின் உடலில் பெருகுவதும் இல்லை. அங்கே செரித்து அழிந்துவிடுகிறது. உமிழ்நீர், வியர்வை, கண்ணீர் ஆகியவற்றால் இது பரவாது. பாதுகாப்பில்லாத உடலுறவு, ஊசிகளைப் பகிர்ந்துகொள்வது, பரிசோதிக்கப்படாத ரத்தம், தாயிடமிருந்து குழந்தைக்கு என்ற வழிகளைத் தவிர அன்றாட வாழ்க்கையில் அஞ்ச ஒன்றுமில்லை.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகனுக்குப் பள்ளியில் பாலியல் கல்வி நடத்தப் போகிறார்களாம். தெரியாத பிள்ளைக்குத் தெரியவைத்து, வேண்டாத ஆர்வத்தைத் தூண்டிவிடுவார்களோ என்று ஒரு தாயாகப் பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் புரிகிறது, அம்மா. ஆனால் இந்தப் பயத்துக்கு ஏற்கெனவே விடை தேடியிருக்கிறார்கள். யுனெஸ்கோ 2009இல் வெளியிட்ட வழிகாட்டு நூலுக்காக உலகின் பல நாடுகளில் நடந்த 87 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பாலியல் கல்வி பெற்றதால் பிள்ளைகள் முன்கூட்டியே உறவில் ஈடுபடத் தொடங்கினார்கள் என்று அவற்றில் ஒன்றுகூடக் காட்டவில்லை. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட திட்டங்களில், பிள்ளைகள் அதைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். 2018இல் திருத்திய பதிப்பு வந்தபோதும் முடிவு மாறவில்லை.

'தெரியாத பிள்ளை' என்ற சொல்லில்தான் எனக்கு ஐயம். பள்ளிகளுக்குப் பேசப் போகும்போது, பெயர் எழுதாமல் கேள்விகளைப் போட ஒரு பெட்டி வைப்பது என் வழக்கம். ஒரு முறை அதிலிருந்து எடுத்த ஒரு சீட்டு, தபால்தலை அளவுக்கு எட்டாக மடிக்கப்பட்டிருந்தது. பிரித்தால் உள்ளே பென்சிலால் எழுதிய ஒரே வரி: "எனக்கு எய்ட்ஸ் வந்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" அந்தப் பிள்ளை யாரென்று எனக்குத் தெரியாது. தூக்கத்தில் விந்து வெளியேறுவதையே நோய் என்று எண்ணிப் பல மாதம் பயந்துகொண்டிருக்கும் சிறுவர்களை நான் பார்த்திருக்கிறேன். இதுவும் அப்படிப்பட்ட பயமாக இருக்கலாம், யாரோ செய்த தீங்காகவும் இருக்கலாம். தெரிந்துகொள்ளும் ஆர்வம் வகுப்புக்கு முன்பே அங்கே இருக்கிறது. விடை சொல்லும் ஆளைத்தான் காணவில்லை. அந்த இடத்தைக் கைப்பேசியில் வரும் ஆபாசக் காட்சிகள் நிரப்புகின்றன. அவற்றில் சம்மதம் கேட்பதும் இல்லை, பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதும் இல்லை. வகுப்பு நடக்கும் நாளன்று மாலை, மகனிடம் "இன்று என்ன சொல்லிக்கொடுத்தார்கள்?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். அவன் பதில் சொல்லாமல் நழுவிப் போகலாம். இந்த வீட்டில் இதைக் கேட்கலாம், பேசலாம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டால், தேவைப்படும் நாளில் உங்களிடம் வருவான்.

கேள்வி: நான் 24 வயது ஆண். எனக்கு ஓர் ஆண்தான் துணை. எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரை இருப்பதாகக் கேள்விப்பட்டு ஒரு மருத்துவரிடம் போனேன். மாத்திரையைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசாமல், அரை மணி நேரம் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசி அனுப்பிவிட்டார். அப்படியொரு மாத்திரை உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது. அந்த அரை மணி நேரத்துக்காக என் தொழிலின் சார்பில் உங்களிடம் வருத்தம் தெரிவிக்கிறேன். தன்னைக் காத்துக்கொள்ள வழி கேட்டு வந்த இளைஞரைத் திருப்பி அனுப்புவது மருத்துவம் ஆகாது.

'பிரெப்' என்று சொல்லப்படுவது, தொற்று இல்லாதவர் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் மருந்து. இரண்டு மருந்துகள் சேர்ந்த அந்த மாத்திரைக்கு இந்தப் பயன்பாட்டுக்காக அமெரிக்கா 2012இல் ஒப்புதல் அளித்தது. தொற்று அபாயம் அதிகம் உள்ள எல்லோருக்கும் இதைக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. சொன்னபடி சாப்பிட்டால், உடலுறவு வழியாக வரும் தொற்று அபாயத்தைச் சுமார் 99 சதவீதம் குறைக்கிறது. 'சொன்னபடி' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2010இல் முடிவுகள் வெளியான முதல் பெரிய ஆய்வில் ஒட்டுமொத்தப் பாதுகாப்பு 44 சதவீதமாகத்தான் இருந்தது. ஆனால் ரத்தத்தில் மருந்து இருந்தவர்களை மட்டும் தனியே பார்த்தபோது பாதுகாப்பு அதைவிட மிக உயர்ந்திருந்தது. பலர் மாத்திரையை வாங்கி வைத்திருந்தார்களே தவிர, சாப்பிடவில்லை.

மாத்திரையை ஒளித்து வைக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்காகவே ஊசி மருந்துகள் வந்திருக்கின்றன. லெனகாபாவிர் என்ற மருந்தை ஆண்டுக்கு இரண்டு முறை போட்டுக்கொண்டால் போதும். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 16 முதல் 25 வயது வரையிலான பெண்களிடம் நடத்திய சோதனையின் முடிவு 2024இல் வெளியானபோது, அந்த ஊசி போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. அந்த எண்ணைப் படித்த அன்று நான் சற்று நேரம் நாற்காலியை விட்டு எழாமல் அமர்ந்திருந்தேன். இந்த நோயால் இளம் வயதில் இறந்தவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. 2025இல் உலக சுகாதார நிறுவனமும் இந்த ஊசியைப் பரிந்துரைத்துவிட்டது. எல்லா நாடுகளிலும் எல்லோருக்கும் எட்டும்படி அது கிடைக்க வேண்டும்.

பிரெப் தொடங்கும் முன் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம். மாத்திரை என்றால் சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தொடங்கிய பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை தொடர வேண்டும். மேகநோயையும் வெட்டையையும் பிரெப் தடுக்காது, அதற்கு ஆணுறையே துணை. எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் உள்ளவர்களிடம் கேளுங்கள்; அவர்களுக்கு இது அன்றாட வேலை.

கேள்வி: ஆணுறையைப் பர்ஸில் வைத்திருக்கலாமா? இரண்டு அணிந்தால் கூடுதல் பாதுகாப்பா?

இரண்டுக்கும் வேண்டாம் என்பதே பதில். பர்ஸின் சூடும் உராய்வும் ரப்பரை நலியச் செய்யும். ஒன்றின் மேல் ஒன்று அணிந்தால் உரசிக் கிழியும் வாய்ப்புதான் கூடும். எண்ணெய், வாசலின், லோஷன் ஆகியவற்றை லேடெக்ஸ் ஆணுறையோடு சேர்க்கக் கூடாது, நீர் சார்ந்த வழுவழுப்புக் களிம்புதான் ஏற்றது. உறையின் மேல் அச்சிட்டுள்ள காலாவதித் தேதியைப் பாருங்கள். பற்களால் கிழித்துத் திறக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 27 வயது. நான்கு ஆண்டுகளாக எச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்கிறார்கள். நான் மணம் செய்துகொள்ளலாமா? குழந்தை பெறலாமா?

இரண்டும் செய்யலாம். மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு, வைரஸ் அளவைக் கண்டறிய முடியாத நிலையில் வைத்திருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது. இது ஆறுதலுக்காகச் சொல்லும் சொல் என்று நினைத்துவிடாதீர்கள். துணைவர்களில் ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த 782 ஆண் ஜோடிகளை ஐரோப்பாவில் ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். ஆணுறை இல்லாமல் சுமார் 76,000 முறை உறவு நிகழ்ந்தும், சிகிச்சையில் இருந்த துணையிடமிருந்து ஒரு தொற்றுகூடப் பரவவில்லை என்று 2019இல் அறிவித்தார்கள். ஆண், பெண் இணையரிடமும் முன்பே இதே முடிவைக் கண்டிருந்தார்கள். தொற்றுள்ள தாய் சிகிச்சை எடுத்துக்கொள்ளாவிட்டால் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம் வரை இருக்கும். உரிய சிகிச்சையோடு அது 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

ஆனால் மணக்கப் போகிறவரிடம் மணத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பரவாது என்பது உண்மைதான். ஆயினும் தினமும் மாத்திரை சாப்பிடும் ஒருவரோடு ஒரே வீட்டில் வாழப் போகிறவர், அது என்ன மாத்திரை என்று தற்செயலாகக் கண்டுபிடிக்கும்படி விடக் கூடாது. தனியே சொல்லத் தயக்கமாக இருந்தால், நீங்கள் சிகிச்சை பெறும் மையத்தின் ஆலோசகரை உடன் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அவருக்கு எழும் ஐயங்களுக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். அவர் மறுத்துவிடவும் கூடும். அந்த வலிக்கு என்னிடம் மருந்தில்லை. கேட்டு, புரிந்துகொண்டு, மணம் செய்து, நல்ல உடல்நலத்தோடு பிள்ளைகளை வளர்ப்பவர்களையும் நான் நாள்தோறும் பார்க்கிறேன்.

கேள்வி: நான் 23 வயதுப் பெண். பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று ஆறு மாதமாக நினைக்கிறேன். வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். உள்ளே போனால் என்ன நடக்கும்?

இடத்துக்கு இடம் சிறு வேறுபாடு இருக்கலாம், பொதுவாக நடப்பதைச் சொல்கிறேன். முதலில் ஆலோசகர் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு உங்களோடு தனியாகப் பேசுவார். எதற்காக வந்தீர்கள், கடைசியாக எப்போது பாதுகாப்பில்லாத உறவு நடந்தது என்று கேட்பார். எந்தப் பரிசோதனை பொருந்தும் என்று முடிவு செய்வதற்காகத்தான் அந்தக் கேள்விகள். விருப்பமில்லாத கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாமல் இருக்கலாம். உங்கள் சம்மதம் இல்லாமல் ரத்தம் எடுக்கக் கூடாது, முடிவை வேறு யாரிடமும் சொல்லவும் கூடாது. பிறகு விரல் நுனியில் ஓர் ஊசிக்குத்து. ஒரு சொட்டு ரத்தத்தைச் சிறு பட்டையில் விட்டு, அதன் மேல் ஒரு கரைசலைச் சொட்டுவார்கள். சுமார் இருபது நிமிடம் ஆகும். ஒரு கோடு மட்டும் தெரிந்தால், பரிசோதனை சரியாக வேலை செய்திருக்கிறது, எதிர்ப்பொருள் ஏதும் தென்படவில்லை என்று பொருள். இரண்டு கோடுகள் தெரிந்தால் அதுவே முடிவாகிவிடாது. வேறு வகைப் பரிசோதனைகளையும் செய்து உறுதிப்படுத்திய பிறகே சொல்வார்கள். உறுதியானால் சிகிச்சையை அன்றைக்கே தொடங்கும் வசதியும் பல இடங்களில் உண்டு.

முடிவையும் அதே அறையில், அதே ஆலோசகர்தான் பெரும்பாலும் சொல்வார். அடுத்த முறை வாசல் வரை போகும்போது நம்பிக்கையான ஒரு தோழியை அழைத்துச் செல்லுங்கள். அவர் உள்ளே வர வேண்டியதில்லை, வெளியே பெஞ்சில் அமர்ந்திருந்தாலே அந்த இருபது நிமிடங்கள் சற்றுச் சுருங்கும்.